37க்குப் பதில் 38

ஓ.எம்.ஆரில் உள்ள அந்த அலுவலகக் கட்டடத்துக்கு ஆட்கள் இன்னும் குடிவரவில்லை. தரைத்தளத்தில் ஃபயர் அலாரம் பேனலைத் திறந்து, லேப்டாப்பை இணைத்து உட்கார்ந்திருந்தார் புரோகிராம் எழுதும் பொறியாளர். அவர் கண்ணும் காதுமாக மேலே ஏணியோடு ஒரு டெக்னீஷியன். இருவர் கையிலும் வாக்கிடாக்கி.

பேனலிலிருந்து கிளம்பும் இரட்டைக் கம்பி எல்லா டிடெக்டர்களையும் தொட்டுக்கொண்டு பேனலுக்கே திரும்பி வருகிறது. ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகச் சேதி வந்துவிடும். ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஓர் எண். கழற்றிப் பார்த்தால் முதுகில் இரண்டு சின்ன வட்டத் திருகுகள்; ஸ்க்ரூடிரைவரால் திருப்பி எண் வைக்கிறார்கள். அந்த எண் எந்த அறையில் இருக்கிறது என்பது பேனலுக்குத் தானாகத் தெரியாது. ஆள்தான் எழுதித் தர வேண்டும்.

“மேடம், 4ஆவது மாடி யுபிஎஸ் ரூம், நம்பர் 37. புகை ஸ்ப்ரே அடிச்சாச்சு.”

“அலாரம் வந்திருச்சு தம்பி. ஆனா 38, மீட்டிங் ரூம்னு காட்டுதே?”

“பெயின்ட் அடிச்சவங்க கழட்டி மாத்தி மாட்டிட்டாங்க போல மேடம்.”

இரண்டுமே புகை டிடெக்டர். இரண்டுமே ஒழுங்காக வேலை செய்தன. அதனால் பேனல் எந்தக் குறையும் சொல்லவில்லை. ஏணி போட்டுப் புகை காட்டியதால்தான் குட்டு வெளிப்பட்டது. ராத்திரியில் தனியாக இருக்கும் செக்யூரிட்டி, பேனலில் தெரியும் பெயரை நம்பித்தான் ஓடுவார். “சாம்பிளுக்கு நாலஞ்சு பாத்தா போதாதா?” என்று கேட்டபடி வந்த கட்டட மேலாளருக்கு அவர்கள் இணங்காதது எனக்கு நிறைவாக இருந்தது.

எது அடித்தால் எது நடக்க வேண்டும் என்பது தனி அட்டவணை. ஹூட்டர் ஒலிக்க வேண்டும், லிஃப்ட் தரைத்தளத்துக்கு இறங்க வேண்டும், அட்டை காட்டித் திறக்கும் கதவுகள் பூட்டு விட வேண்டும். ஏசி காற்றை அனுப்பும் இயந்திரம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே புகையை அறை அறையாகக் கொண்டு சேர்த்துவிடும்.

பேண்ட்ரியில்தான் நெடுநேரம் நின்றார்கள். வரைபடத்தில் இருந்தது புகை டிடெக்டர். டோஸ்டர் கருகினாலே அது கத்தும். அடிக்கடி கத்தினால் யாராவது அணைத்து வைத்துவிடுவார்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம். 2011 டிசம்பரில் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனைத் தீயில் சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையில் மூச்சுத் திணறி. அங்கே எச்சரிக்கைக் கருவிகள் அணைத்து வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் சொல்லப்பட்டது.

பொறியாளர் அந்த இடத்துக்கு 57 டிகிரி வெப்ப டிடெக்டரை மாட்டச் சொன்னார். புரோகிராமில் அதன் வகையை மாற்றிப் பேனலில் மறுபடி ஏற்றினார். டெக்னீஷியன் ஹேர் டிரையரை நீட்டிச் சூடு காட்ட, பேண்ட்ரி என்ற பெயர் சரியாக வந்தது. புரோகிராம் மாறிவிட்டதால், சோதித்து முடித்திருந்த அறைகளையும் சேர்த்து அந்த மாடியை முதலிலிருந்து சோதிக்கத் தொடங்கினார்கள்.