அலசினால்தான் நிறம் தெரியும்



எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். போன லீவில் நான் செமினாருக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, "என்னடா படிக்கிறே?" என்று கேட்டார். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று சொல்லிவிட்டேன். பேசாமல் பட்டறைக்குப் போய்விட்டார்.

உண்மையில் புரியாதது எனக்குத்தான்!

என் தலைப்பு, செல்லுக்குள் ஒரே ஒரு புரதத்தை மட்டும் ஒளிரவைக்கும் சாயம். ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே நமக்கு வேண்டியதை மட்டும் எப்படிப் பிடிப்பது? 1998-ல் அமெரிக்காவில் ரோஜர் சியன் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். ஃப்ளோரசின் என்ற பழைய சாயத்தில் இரண்டு ஆர்சனிக் அணுக்களைச் சேர்த்தார்கள். தேடும் புரதத்தில், மரபணு வழியாக, ஆறே அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டை வைத்தார்கள். அதில் நான்கு சிஸ்டீன். ஆர்சனிக் அந்த நான்கையும் பிடித்தால் சாயம் பச்சையாக ஒளிரும். அதுவரை இருட்டுதான். 'ஃப்ளாஷ்' என்று பெயர்.

சரி, வேறு புரதத்தின் சிஸ்டீனில் போய் ஒட்டிக்கொண்டால்? ஈத்தேன் டைதயால் என்று ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறார்களே, அது எதற்கு? அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அப்பா ஒரே சிட்டத்தைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தார்.

"சாயம் ஏறிடுச்சே, இன்னும் ஏம்ப்பா அலசுறீங்க?"

"ஏறினது போகாதுடா. சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான் போகும். அது போனாத்தான் நெசமான கலர் தெரியும்."

அப்படியே நின்றுவிட்டேன். ஈத்தேன் டைதயாலும் ஆர்சனிக்கைப் பிடிக்கக்கூடியது. அளவாகச் சேர்த்தால், ஒன்றிரண்டு சிஸ்டீனில் தொத்திக்கொண்ட சாயத்தை அது பிடுங்கிவிடும். நான்கிலும் இறுகியது அசையாது. அதுவும் அலசல்தான்!

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். பட்டும் ஒரு புரதம்தான் என்றேன். கையிலிருந்த நூலைப் பார்த்துக்கொண்டே, "ஆர்சனிக்னா பாஷாணமாச்சே, உசிருள்ள செல்லு தாங்குமா?" என்றார். ஈத்தேன் டைதயால் அந்தக் கெடுதலையும் குறைக்கிறது என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். நான் யோசிக்காத கேள்வி அது.

செமினாரில் சார், "ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டினால்?" என்று கேட்டார். இங்கிலீஷ் வரவில்லை. தமிழிலேயே அலசல் கதையைச் சொன்னேன். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

"எங்க அப்பா சார்."

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். இந்த மலர் கைக்கு வந்ததும் நானே வாசித்துக் காட்டப்போகிறேன், முதல் பாராவையும் சேர்த்து.