ரயிலுக்கு முன் இரண்டு பரோட்டா

ரயில் பிரயாணம் என்றதும் உங்களுக்கு எது முதலில் நினைவுக்கு வருகிறது? ஜன்னலோர இடமா, கூட்டமா? எனக்குச் சாப்பாடுதான்! தெற்குச் சீமை ரயில் பாதையை நான் தின்பண்டங்களின் பெயரால்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். மணப்பாறை என்றால் முறுக்கு. சாத்தூர் என்றால் காராச்சேவு. கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய். தென்காசிப் பாதையில் திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. பால்கோவாவுக்கு 2019லும் கடலை மிட்டாய்க்கு 2020லும் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது.

இந்த வரிசையில் விருதுநகர் மட்டும் கொஞ்சம் பிகு செய்துகொள்ளும். அதன் விசேஷப் பண்டம் ஜன்னலைத் தேடி வராது. நீங்கள்தான் இறங்கிப் போக வேண்டும். ஏனென்றால் அது கல்லை விட்டு எடுத்த சூட்டோடு தின்ன வேண்டிய பண்டம். அதுதான் எண்ணெய்ப் பரோட்டா. பொரிச்ச பரோட்டா என்றும் சொல்வார்கள்.

சென்ற மாதம் ஆனைக்குட்டத்தில் உறவுக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அர்ஜுனா நதிக்குக் குறுக்கே அணை கட்டியிருக்கிறார்களே, அந்த ஊர். சுற்றிலும் கரிசல் பூமி. பருத்தியும் சோளமும் கம்பும் விளையும். கோதுமை மட்டும் மருந்துக்குக்கூடக் கிடையாது. வளைகாப்பு முடிந்து, ராத்திரி ரயிலைப் பிடிக்க நானும் வீட்டுக்காரரும் சாயங்காலமே விருதுநகருக்கு வந்து சேர்ந்தோம். ரயிலுக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

விருதுநகர் ஜங்ஷன் சாமானியமான ஸ்டேஷன் அல்ல. வடக்கே மதுரை, தெற்கே சாத்தூர், மேற்கே சிவகாசி வழியாகத் தென்காசி, கிழக்கே அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரை என்று நாலு திசைக்கும் பாதை பிரிகிறது. ஊர் விருதுபட்டியாக இருந்த 1876லேயே இங்கே ரயில் வந்துவிட்டது. விருதுநகர் என்ற பெயர் வந்தது 1923ல்தான். 1927ல் தென்காசிப் பாதையும் திறந்தது. மிளகாய், மல்லி, பருப்பு, பஞ்சு, எண்ணெய் என்று சரக்குகள் வந்து குவிந்தன. வியாபாரி பகலெல்லாம் பேரம் பேசுவான், ராத்திரி பசிக்காதா? சந்தை கூடும் ஊரில் சாப்பாட்டுக் கடை செழிப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது!

“பரோட்டா சாப்பிடலாமா?” என்றார் அவர்.

எனக்குக் கொஞ்சம் தயக்கந்தான். என் அம்மா காலத்தில் பரோட்டாக் கடை என்பது ஆண்பிள்ளைகள் போகிற இடம். அப்பா இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வரும்போது வாழையிலையில் கட்டிக்கொண்டு வருவார். அம்மா எங்களுக்குப் பங்கு வைப்பாள். அவள் அந்தக் கடைகளில் உட்கார்ந்து ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அம்பது வயதைத் தாண்டியும் அந்தக் கூச்சம் என்னை விடவில்லை. ஆனாலும், பஜார்ப் பக்கம் திரும்பியதுமே காற்றில் வந்த வாசனை காலை முன்னுக்கு இழுத்தது.

விருதுநகரில் பர்மா கடையைத் தெரியாதவர் கிடையாது. அந்தப் பெயரே ஒரு சரித்திரத்தை நினைவூட்டுகிறது அல்லவா? பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ரங்கூனுக்குப் பிழைக்கப் போய், 1964ல் நே வின் ஆட்சியின்போது வெறுங்கையோடு திரும்பி வந்தன. நாங்கள் நுழைந்தது வேறொரு சின்னக் கடை. ரயிலுக்குப் போகிறவர்கள் அவசரம் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலிலேயே அடுப்பு. வீட்டில் நாம் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நின்று பார்த்தேன். மைதாவை உப்பும் தண்ணீரும் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, பல மணி நேரம் ஊறவைத்த மாவு. மாஸ்டர் ஓர் உருண்டையை எடுத்து, சலவைக்காரர் வேட்டியை வீசுவதுபோல் வீசி, கண்ணாடி மாதிரி விரித்து, கொசுவமாக மடித்துச் சுருட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுகிறார். மற்ற ஊர்களில் இதைக் கல்லில் சுடுவார்கள். இங்கேயோ எண்ணெயில் நீந்தவிட்டு, பொன்னிறமாகப் பொரித்தெடுக்கிறார்கள். எண்ணெய் ஆலைகளின் ஊரில் எண்ணெய்க்கா பஞ்சம்?

டோக்கியோவில் வேலையாயிருக்கும் என் தங்கை மகன் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அந்த நகரத்து ரயில் நிலையத்தில், பூமிக்கு அடியில், ‘ராமென் வீதி’ என்றே ஒன்று இருக்கிறதாம். ராமன் அல்ல, ராமென்! சூடான ரசத்தில் மிதக்கும் கோதுமை நூடுல்ஸ். 2009ல் திறந்த வீதி அது. வாசலில் உள்ள இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுத்துக்கொண்டு, வரிசையில் காத்து நின்று, பத்து நிமிஷத்தில் உறிஞ்சிக் குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடுவார்களாம். உறிஞ்சும் சத்தம் அங்கே மரியாதைக் குறைவே இல்லையாம்! ஜப்பானும் நம்மைப் போல் அரிசிச் சோற்றுத் தேசந்தான். 1945க்குப் பிறகு பஞ்ச காலத்தில் அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்தபோதுதான் ராமென் அங்கே மூலைக்கு மூலை பரவியது. கோதுமை விளையாத கரிசலில் பரோட்டா ராஜ்யம் நடத்துவதைப் பார்த்தால் ஆச்சரியமா என்ன?

இலை வந்தது. எனக்கு எதிர்ப் பெஞ்சில், முப்பத்தைந்து வயசிருக்கும், ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் பரோட்டாவை நாசூக்காகப் பிய்ப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“அப்பிடி இல்லக்கா. நல்லா நொறுக்கிப் போட்டு, சால்னாவை மேல ஊத்துங்க. ஊறுறதுக்கு முன்னால தின்னுரணும்.”

அப்படியே செய்தேன். ஒரு வாயில் மொறுமொறுப்பு, அடுத்த வாயில் காரம், அதற்கடுத்த வாயில் இரண்டும் கலந்து ஒரு மென்மை! பேச்சே எழவில்லை.

அவள் விரல் நகங்களின் ஓரத்தில் வெள்ளி மினுக்கியது. மருதாணி இல்லை, சாயம் இல்லை. கேட்டேன்.

“பட்டாசு மருந்துக்கா. அலுமினியப் பவுடர். மூணு தடவை சோப்புப் போட்டாலும் போகாது. ஆனைக்குட்டத்துப் பக்கந்தான் வேலை. இன்னைக்குச் சனிக்கிழமை, சம்பளம்.”

பக்கத்தில் பார்சல் தயாராக இருந்தது. பரோட்டா தனி, சால்னா தனி.

“பிள்ளைகளுக்கா?”

“ஆமாக்கா, ரெண்டு பேரு. காலையில போறப்பவே, சாயங்காலம் வந்தா பரோட்டா வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் போவேன். ‘வந்தா’ன்னுதான் சொல்லுவோம். எங்க வேலை அப்பிடி.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கை நின்றுவிட்டது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தி மனசில் ஓடியது. வருஷா வருஷம் தீபாவளிக்கு நம் குழந்தைகள் கொளுத்துகிற மத்தாப்பில் இவளுடைய விரல்களும் பட்டிருக்கும் அல்லவா?

“பிள்ளைகளோடு வீட்டில் சேர்ந்து சாப்பிடக் கூடாதா?” என்று பேச்சை மாற்றினேன்.

“வீட்டுக்குப் போனா எனக்குப் பங்கு வராதுக்கா. ‘அம்மாவுக்கு வேண்டாம், நீங்க தின்னுங்க’ன்னு நானே சொல்லிருவேன். அதான், முதல்ல இங்கன உக்காந்து ரெண்டு தின்னுட்டு, அப்பறம் கட்டச் சொல்லுவேன்.”

அவள் கை கழுவிக்கொண்டு, பார்சலைப் பத்திரமாகத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு, “வாரேங்க்கா” என்று பஸ்ஸுக்குக் கிளம்பினாள். என் அம்மாவின் முகம் கண்ணெதிரே வந்தது. எங்களுக்குப் பங்கு வைத்தாளே, அவள் இலையில் என்ன இருந்தது என்று ஒரு நாளாவது நாங்கள் பார்த்தோமா?

“இன்னும் இரண்டு கொண்டு வரச் சொல்லட்டுமா?” என்றார் வீட்டுக்காரர்.

“சொல்லுங்கள்” என்றேன். கூச்சம் போன இடம் தெரியவில்லை.

ரயிலை ஓட்டமும் நடையுமாகத்தான் பிடித்தோம். நீங்களும் விருதுநகர் பக்கம் வந்தால், பகலில் காமராஜர் இல்லத்தைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்த பெருமகன் வாழ்ந்த எளிய வீடு. சாயங்காலம் விளக்கு வைத்ததும் பரோட்டாக் கடைக்குப் போங்கள். சைவக்காரர்கள் சால்னாவைப் பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல்காரர்கள் இரண்டோடு நிறுத்துங்கள். குழந்தைகளுக்குப் பார்சல் வாங்கினால், சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்ல மறக்காதீர்கள்.

ஆனால், சகோதரிகளே, பார்சல் கட்டச் சொல்வதற்கு முன்னால், உட்கார்ந்து உங்கள் பங்கைச் சாப்பிட்டுவிடுங்கள்!