ஓட்டு எண்ணிக்கையும் ஆப்ஷன் பிரீமியமும்

பொதுத்தேர்தல் நெருங்கினால் எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "அண்ணே, யாரு வருவா?" நிஃப்டி ஆப்ஷனை வாங்கி விற்றுப் பிழைப்பவனுக்கு அரசியல் ஞானமும் கூடவே வந்துவிடும் என்று எப்படித்தான் நினைக்கிறார்களோ. யார் வருவார்கள் என்பது சரியாகத் தெரிந்திருந்தாலும் காசு பார்த்துவிட முடியாது என்று அவர்களை நம்பவைப்பது அதைவிடப் பெரும்பாடு.

2014 மே 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாஜக தனியாகவே 282 இடங்களைப் பிடித்தது. காலையில் சென்செக்ஸ் வரலாற்றில் முதன்முறையாக 25,000-ஐத் தாண்டியது. சந்தை மூடும்போது 24,121. முந்தைய நாளோடு ஒப்பிட்டால் ஒரு சதவீத ஏற்றம்கூட இல்லை. 2019 மே 23-லும் இதே கதைதான். 40,000-ஐத் தொட்டுவிட்டு, முந்தைய நாளைவிட 299 புள்ளி குறைந்து முடிந்தது. இரண்டு முறையும் முடிவைச் சரியாகக் கணித்து முந்தைய நாளே கால் ஆப்ஷன் வாங்கி வைத்திருந்தவர்களில் பலர், கணிப்பு பலித்தும் பணத்தை இழந்தார்கள்.

காரணம், அவர்கள் வாங்கியது கட்சியை அல்ல, பயத்தை. ஆப்ஷன் பிரீமியத்தில் திசைக்கு ஒரு விலை, நாட்களுக்கு ஒரு விலை, 'என்ன ஆகுமோ' என்பதற்கு ஒரு விலை. தேர்தல் சமயத்தில் மூன்றாவதுதான் வீங்கிக் கிடக்கும். 2014 முடிவுக்கு முன், இந்தப் பயத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் 35-ஐத் தாண்டியிருந்தது. எண்ணிக்கை முடிந்து ஆட்சி யாருக்கென்று தெரிந்ததும் அந்த வீக்கம் வடிந்துவிடும். நிஃப்டி ஏறியும் கால் விலை இறங்குவதைத் திரையில் முதன்முறை பார்ப்பவர், சாஃப்ட்வேரில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார்.

விக்ஸைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அது அடுத்த 30 நாட்களுக்கான சராசரி. தேர்தல் பயமோ ஒரே நாளில் குவிந்திருப்பது. 2024 ஜூன் 3 மாலை விக்ஸ் 21-க்கு அருகே நின்றது. அது ஆண்டுக் கணக்கு; ஒரு நாளுக்கு மாற்ற அதை 16-ஆல் வகுத்து, "ஒரு நாளைக்கு 1.3 சதவீதம் ஆடும், அவ்வளவுதானே" என்று சொல்வது எங்கள் வட்டத்தில் சாதாரணம். நான் அப்படிப் போடமாட்டேன். 30 நாட்களில் வர்த்தக நாட்கள் ஏறக்குறைய 21. அவற்றில் 20 சாதாரண நாட்கள் என்றும், அவற்றின் அளவு 13 என்றும் வைத்துக்கொள்வேன். ஏற்ற இறக்கத்தை அப்படியே கூட்டக்கூடாது, வர்க்கத்தைத்தான் கூட்ட வேண்டும். 21-இன் வர்க்கம் 441. 21 நாட்களுக்கு 9,261. 13-இன் வர்க்கம் 169. 20 நாட்களுக்கு 3,380. மீதி 5,881 மொத்தமும் எண்ணிக்கை நாளின் பங்கு. அதன் வர்க்கமூலம் 77-க்குச் சற்றுக் குறைவு; 16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 சதவீதம். பார்க்க அமைதியாக இருந்த அந்த 21-க்குள், ஒரே நாளில் 5 சதவீத ஆட்டம் ஒளிந்திருந்தது.

மறுநாள் நிஃப்டி 5.93 சதவீதம் விழுந்தது.

அந்த இரண்டு நாட்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைசிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1, சனிக்கிழமை. அது முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் எக்ஸிட் போல் வெளியிடலாம் என்பது சட்டம். வந்தவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன. 400 என்றுகூடச் சில சொன்னன. திங்கட்கிழமை நிஃப்டி 733 புள்ளி ஏறி 23,263-ல் முடிந்தது. பயம் எண்ணிக்கைக்கு முன்பே வடியத் தொடங்கிவிட்டது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் புட் விலை மலிகிறதென்றால், எனக்கு அது விற்கும் நேரமல்ல, வாங்கும் நேரம். முடிவு தெரிந்ததால் அல்ல, காப்பீடு மலிவாகக் கிடைத்ததால்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குத் தபால் ஓட்டு, எட்டரைக்கு இயந்திரம். ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும்போது முன்னிலை நிலவரம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட காலையில் நான் முதலில் பார்ப்பது இண்டெக்ஸை அல்ல, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை. சாதாரண நாளில் பைசாக் கணக்கில் இருப்பது, அன்று தூரத்து ஸ்ட்ரைக்குகளில் ரூபாய்க் கணக்கில் விரியும். அதில் மார்க்கெட் ஆர்டர் போடுவது விலை கேட்காமல் பர்ஸை நீட்டுவது. நிஃப்டி ஒரு கட்டத்தில் 21,281 வரை போனது, கிட்டத்தட்ட எட்டரை சதவீதம். இன்னும் ஒன்றரை சதவீதம் இறங்கியிருந்தால் சர்க்யூட் அடித்து நாடு முழுக்கச் சந்தை நின்றிருக்கும். விக்ஸ் 31-ஐத் தாண்டியது. எஸ்பிஐ 14 சதவீதம் விழ, இந்துஸ்தான் யூனிலீவர் ஏறியது. இனி கிராமத்துக்குப் பணம் போகும், சோப்பு விற்கும் என்று சந்தை அந்த நிமிடமே கணக்குப் போட்டுவிட்டது.

ஆட்சி மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். கூட்டணிக்கு 293 இடங்கள், அதே பிரதமர். "யாரு வருவா" என்ற கேள்விக்குச் சரியான பதில் வைத்திருந்தவருக்கும் அன்று அடிதான்.

ஸ்டாப் லாஸ் இருக்கிறதே என்பார்கள். 2009 மே 18, திங்கட்கிழமை. முடிவு சனிக்கிழமையே வந்துவிட்டது. சந்தை திறந்த ஒரு நிமிடத்துக்குள் மேல் சர்க்யூட் அடித்தது, இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்ததும் மறுபடி அடித்தது, அன்றைய வியாபாரம் அத்தோடு சரி. சென்செக்ஸ் 17.34 சதவீதம் மேலே. வெறும் கால் ஆப்ஷனை விற்று வைத்திருந்தவருக்கு வெளியே வர வாசலே இல்லை. 2004 மே 17-இல் கீழ்ப்பக்கம்: வியாபாரம் இரண்டு முறை நின்றது, சென்செக்ஸ் 11 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. விலையே இல்லாத இடத்தில் ஸ்டாப் லாஸ் என்ன செய்யும்?

ஆகவே எண்ணிக்கைக்கு முந்தைய இரவு நான் எதையும் வெறுமனே விற்று வைப்பதில்லை. விற்றால் அதற்கு வெளியே ஒன்றை வாங்கிப் பூட்டிவிடுவேன்; அதிகபட்சம் எவ்வளவு போகும் என்பது இரவே தாளில் இருக்கும். லாட் வழக்கத்தில் கால்வாசி. மார்ஜின் கணக்கில் தாராளமாக ரொக்கம். புரோக்கர்கள் தங்கள் பங்குக்கு மார்ஜினைக் கூட்டுவதும், பற்றாக்குறை வந்தால் பொசிஷனைத் தாங்களே வெட்டிவிடுவதும் இந்த நாட்களில்தான். வெட்டுவது பெரும்பாலும் மிக மோசமான விலையில்.

உண்மையில் எனக்குப் பிடித்த தேர்தல் வியாபாரம் மறுநாளில் இருக்கிறது. ஜூன் 5 அன்று நிஃப்டி 735 புள்ளி மீண்டது, விக்ஸ் 19-க்கு அருகே சுருண்டது. இரண்டு நாள் கழித்து சென்செக்ஸ் புதிய உச்சம். யார் ஆட்சி என்பது தெளிந்து, பிரீமியம் மட்டும் இன்னும் கொழுத்திருக்கும் அந்தச் சில மணி நேரம் விற்பவனுக்கானது, அப்போதும் பூட்டோடுதான். டிவியில் விவாதம் சூடாக நடந்துகொண்டிருக்கும். அதை ம்யூட்டில் போட்டுவிடுவேன்.

செபி கணக்குப்படி 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டவர்கள். அதன்பிறகு ஒப்பந்த மதிப்பைக் கூட்டினார்கள், ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே வாராந்திர எக்ஸ்பைரி என்றார்கள், எக்ஸ்பைரி நாளில் விற்பவருக்குக் கூடுதல் மார்ஜின் வைத்தார்கள். அடுத்த பொதுத்தேர்தலின்போது ஒரு லாட்டுக்கே முன்பைவிடப் பெரிய தொகை தேவைப்படும். "அண்ணே, யாரு வருவா?" என்று போன் செய்யும் பையன்களில் சிலருக்காவது மார்ஜின் பத்தாமல் போனால் நான் வருத்தப்படமாட்டேன்.