எண்ணறிந்தோன் மறைவு

எகிப்தின் மணல்வெளியே! 1950 ஆகஸ்ட் 31இல் நீ உண்டது யாரை என்று அறிவாயோ? கெய்ரோவில் எழுந்த வானூர்தி தீப்பற்றி உன்மேல் வீழ்ந்தது. 55 பேரில் ஒருவரும் எஞ்சிலர். அவருள் ஒருவன் எங்கள் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. அகவை 49. பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டு தங்க அவனை அழைத்திருந்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு முதல்நாளே கூடிவிட்டது. வருவான் என்று பார்த்திருந்த அவைக்கு அவன் சாவே சென்றது.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவன். ஓராண்டுக் குழவியாய்த் தாயை இழந்தான். பள்ளியின் கடையாண்டில் தந்தையையும் இழந்தான். சாத்திரியார் என்னும் ஆசான் தம் பொருள் ஈந்து தாங்கியிராவிடில் நாகர்கோவில், திருவனந்தபுரக் கல்லூரிகள் அவனைக் கண்டிரா. பெற்றோர் இல்லாப் பிள்ளைக்கு அவ்வாசான் செய்ததை நாடு மறத்தல் தகாது.

1929 முதல் 12 ஆண்டுகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்து, கணிதர் வாரிங் 1770இல் விடுத்த வினாவோடு பொருதான். எவ்வெண்ணையும் ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுத எத்தனை அடுக்குகள் போதும்? 703ஐக் கொள்க. மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது மிகும். ஆதலின் இரண்டின் அடுக்காகிய 64ஐப் பத்து முறையும், ஒன்றை 63 முறையும் கூட்டல் வேண்டும்: ஆக 73. இதற்குக் குறைந்து இயலாது என்பதைச் சிறுவனும் காண்பான். இதற்கு மேல் எவ்வெண்ணுக்கும் வேண்டா என்பதோ, எண்ணிறந்த எண்களை ஒருங்கே வெல்லும் வேலை. 1940இல் வென்றான். அதற்கு முன்னரே ஆறினும் உயர் அடுக்குகளை அமெரிக்காவின் டிக்சனும் இவனும், ஒருவரை ஒருவர் சாராது, பெரிதும் தீர்த்திருந்தனர். கடல் கடந்து கற்றிலன். தென்னாட்டில் இருந்தே உலகின் முன்னணியில் நின்றான்.

ஊரார் கூடி நடுகல் நிறுத்தவும் ஆகாத தொலைநிலத்தில் மாய்ந்தனை, ஐய! நீ சொல்லிச் சென்ற ஒன்று எம்மை இன்னும் வருத்துகிறது. 4, 8, 9, 16, 25, 27, 32 என நீளும் அடுக்கெண்களுக்கு இடைப்பட்ட வெளி, செல்லச் செல்ல எல்லையின்றி விரியும் என்றனை. வேறுபாடு ஒன்றாகும் இணை 8, 9 மட்டுமே என 2002இல் மிகைலெஸ்கு நிறுவினார். வேறுபாடு இரண்டாகும் 25, 27 போன்ற இணைகள் முடிவுள்ளனவோ என்பதைக்கூட இன்றுவரை எவரும் நிறுவிலர். வினாவை எம்மிடம் வைத்துவிட்டு, அதனோடு பொருதற்கு உனக்கிருந்த ஆண்டுகளை எல்லாம் உடன்கொண்டு போயினையே!