மார்கழி ட்ரிப்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தொழிலில் வண்டி சும்மா நிற்பது அபூர்வம். கார்த்திகையில் மாலை போட்ட ஐயப்ப சாமிகள் மகரவிளக்கு வரைக்கும் போவதும் வருவதுமாக இருப்பார்கள். செவ்வாடைக்காரர்கள் மேல்மருவத்தூருக்கு வேன் கேட்பார்கள். அரையாண்டு லீவு விட்டதும் பிச்சாவரம் படகுக்குக் கூட்டம், கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி, 31-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி, அதையொட்டி சிதம்பரத்தில் ஆருத்ரா, அந்தச் சூட்டோடு பொங்கல். கடலூரிலும் சிதம்பரத்திலும் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும், வண்டி டியூவில் விழுந்த பாக்கியை இந்த இரண்டு மாதத்தில்தான் அடைக்கிறோம் என்பார்கள். பனியும் கரும்பு வண்டியும் தூக்கமும் ஒரே ரோட்டில் சேருவதும் இதே இரண்டு மாதத்தில்தான்.

பல வருஷம் ஓனரிடம் சம்பளத்துக்கு ஓட்டிவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறேன். மஞ்சள் போர்டு, பன்னிரண்டு சீட்டு, டிரைவர் தனி. ஓட்டுகிற திறமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்: கைப்பழக்கம், பிரேக், ஓவர்டேக். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் என் அனுபவத்தில், ஆபத்து ரோட்டில் வந்து ஏறுவதில்லை. போனில் புக்கிங் பேசும்போதே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எத்தனை பேர், எத்தனை கோயில், ராத்திரி எங்கே தங்குவது என்று நான்கு வாக்கியத்தில் பேசி முடிக்கிறோமே, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஆருத்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் உற்சவத்தில் ஒன்பதாம் நாள் தேர். நடராஜரும் சிவகாமியம்மனும் பிள்ளையார், முருகன், சண்டிகேஸ்வரரோடு ஐந்து தேரில் நான்கு வீதியும் சுற்றி வருவார்கள். அன்று ராத்திரி ஆயிரங்கால் மண்டபத்தில் இறங்கி, மறுநாள் விடியலில் மகாஅபிஷேகம். சபைக்குத் திரும்பும் ஆருத்ரா தரிசனம் மத்தியானத்துக்கு மேல். பார்ட்டி இதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு வரும். "அபிஷேகமும் பார்க்கணும், தரிசனமும் பார்க்கணும், முடிச்சுட்டு அப்படியே திருநள்ளாறு போயிட்டு ராத்திரியே கடலூர் திரும்பிடலாம் டிரைவரே" என்பார்கள். அவர்கள் ராத்திரி ஒரு மணிக்கு வேனில் ஏறித் தூங்கிவிடுவார்கள். கோயிலில் முழுநாள் நின்றுவிட்டுத் திரும்பும்போதும் தூங்குவார்கள். தூங்காமல் மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

2025-இல் ஆருத்ராவும் போகியும் ஒரே நாளில் வந்தன, ஜனவரி 13. பனி இறங்குகிற நேரத்தில் தெருத்தெருவாகப் பழைய பாயும் டயரும் எரிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பனியும் புகையும் கலந்தால் வெறும் பனியைவிட மோசம். பஞ்சாயத்து எல்லைக்குள் நுழைந்ததும் திடீரென்று திரை விழும், தாண்டினால் விலகும், அடுத்த ஊரில் மறுபடி விழும். கண் பழகுவதற்கே நேரம் கிடைக்காது.

பனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடலூரில் இருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் மெல்லிசாகத் தொடங்கும். பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் நெருங்கும்போது கெட்டியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நின்று வயலெல்லாம் ஈரம், சம்பாப் பயிர், மேகமில்லாத ராத்திரி. தரை சீக்கிரம் குளிர்ந்து ஈரம் அப்படியே பனியாக நிற்கிறது. இதில் ஹைபீம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி அவர்கள் கண்ணிலேயே அடிக்கிறது. டிப்பில் வைத்து, இடதுபக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி. ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டுவிடுகிற பழக்கம் வேறு இப்போது பரவியிருக்கிறது. பின்னால் வருகிறவனுக்கு இந்த வண்டி நிற்கிறதா, போகிறதா, திரும்பப் போகிறதா, ஒன்றும் புரியாது. அது நின்றுபோன வண்டிக்கு உண்டானது.

வெளிப் பனியைவிடத் தொல்லை உள்பக்கக் கண்ணாடி. பன்னிரண்டு பேர் ஜன்னலை அடைத்துக்கொண்டு மூச்சு விட்டால், பத்து நிமிஷத்தில் முன் கண்ணாடி பால் பூசினாற்போல் ஆகிவிடும். துணியால் துடைத்தால் கோடு கோடாகப் படிந்து எதிர் வண்டி லைட்டில் இன்னும் கண் கூசும். ஏசியைப் போட்டு காற்றைக் கண்ணாடி பக்கம் திருப்ப வேண்டும், கூடவே சூட்டுத் திருகை சிவப்புப் பக்கம் கொஞ்சம் தள்ள வேண்டும். ஏசி ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் குளிரை எடுக்கும். ஹீட்டர் இல்லாத பழைய வண்டியில் ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைப்பதைத் தவிர வழியில்லை. பின் சீட்டில் இருந்து நிச்சயம் ஒரு குரல் வரும்: "தம்பி, மார்கழிக் குளிர்ல யாராவது ஏசி போடுவாங்களா?" "அம்மா, அது உங்களுக்கு இல்லை, கண்ணாடிக்கு" என்பேன். போர்வையை இழுத்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அடுத்தது கரும்பு. நெல்லிக்குப்பம் ஆலையிலும் சேத்தியாத்தோப்பு கூட்டுறவு ஆலையிலும் அரவை தொடங்கிவிட்டால் பண்ருட்டி ரோட்டிலும் புவனகிரி ரோட்டிலும் விடிய விடிய டிராக்டர்கள் ஓடும். டிரெய்லரில் பின்லைட் இருப்பதில்லை, இருந்தாலும் எரிவதில்லை. ரிஃப்ளெக்டர் ஒட்டியிருந்தால் அதன்மேல் கரும்புத் தோகை தொங்கி மறைத்திருக்கும். இருட்டில் அது வண்டியாகவே தெரியாது. தூரத்தில் ரோடு கொஞ்சம் அதிகக் கறுப்பாக இருக்கிறதே என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றினால் காலை ஆக்ஸிலேட்டரில் இருந்து எடுத்துவிடு, யோசனையெல்லாம் அப்புறம். பாதயாத்திரைக்காரர்களும் இப்படித்தான். வண்டி வருகிற பக்கம் முதுகைக் காட்டி, இடது ஓரமாக வரிசையாக நடப்பார்கள். வலது ஓரமாக எதிரே வண்டியைப் பார்த்து நடந்து, முதுகுப் பையின் பின்பக்கம் ஒரு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதி.

எங்கள் மாவட்டத்தில் டிரைவர்கள் இன்னும் பேசுகிற விபத்து ஒன்று உண்டு. 2023 ஜனவரி 3 அதிகாலை, வேப்பூர் பக்கம் சென்னை நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ், லாரி, கார் என்று ஒன்றன்பின் ஒன்றாக மோதின. இரண்டு லாரிக்கு நடுவே சிக்கிய காரில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். ஒரே குடும்பம். அந்தக் கார் என்ன தப்பு செய்தது என்று நான் ஆராயப் போவதில்லை. அன்றிலிருந்து விடியலுக்கு முன் முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி என்று அமைந்துவிட்டால், ஏதாவது ஒரு டீக்கடையில் ஒதுங்கி இரண்டையும் போகவிட்டு, அப்புறம்தான் வண்டியை எடுக்கிறேன்.

தூக்கத்துக்கு டீயும் வெற்றிலையும் முகம் கழுவுவதும் பாட்டை அலறவிடுவதும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே உடம்பு தன் பாக்கியை வசூலிக்க வந்தே தீரும். கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று ஞாபகம் வரவில்லையா, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். அதற்கு மருந்து ஓரமாக நிறுத்தி இருபது நிமிஷம் சாய்வதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சட்டம் பிடித்துப்போனது. அபராதம் என்றால் டிரைவருக்கு எரிச்சல் வரும், எனக்கும் வரும். ஆனால் சம்பளத்துக்கு ஓட்டுகிறவனால் "என்னால் முடியாது" என்று சொல்ல முடியாது. வேறு டிரைவர் வந்துவிடுவார். "ரூல் விடாது சார்" என்று சொல்லலாம். சட்டம் அவன் வாய்க்கு ஒரு சாக்கு கொடுக்கிறது. 2025 வரை அமலில் இருந்த 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வைத்திருந்தது. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணியாவது ஓய்வு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவும் அதைத்தான் காட்டுகிறது. இதை எந்த டிராவல்ஸ் ஆபீஸ் சுவரிலும் ஒட்டி நான் பார்த்ததில்லை. ஸ்பீடு கவர்னர் 80-இல் கட்டியிருப்பதும் அதே மாதிரி உதவிதான். "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க அண்ணே" என்பவரிடம் வாதாடவே வேண்டாம்.

ஆள் கணக்கும் அப்படியே. "பெரியவங்க பன்னிரண்டு பேர்தான், மூணு சின்னப் பசங்க மடியில உட்காருவாங்க" என்பார்கள். கூடுதல் ஆளுக்கு 200 ரூபாய் அபராதம் என்றால் சிரிப்பார்கள்: "அதை நாங்க கட்டிக்கிறோம்." அதிகப்படி ஆட்களை இறக்கி, அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யும்வரை வண்டியை விடமாட்டார்கள், அதுவும் அதே 194ஏ பிரிவுதான் என்று சொல்லும்போது சிரிப்பு நின்றுவிடும். ராத்திரி இரண்டு மணிக்குப் புதுச்சத்திரத்தில் யார் இறங்குவது?

புதுச்சேரி ட்ரிப்பில் பேச்சு வேறு. கடலூரில் இருந்து 22 கிலோமீட்டர்தான். அங்கே சரக்கு விலை குறைவு, புத்தாண்டுக்குக் கடற்கரையில் கூட்டம். திரும்பும்போது முள்ளோடை தாண்டி ஆல்பேட்டையில் சோதனைச்சாவடி. பாட்டில் பிடிபட்டால் கொண்டுவந்தவர் மேல் கேஸ், வண்டி ஸ்டேஷனில். பொங்கல் புக்கிங் எல்லாம் போச்சு. ஆகவே ஏறும்போதே எல்லோர் பையும் என் கண்முன்னால்தான் ஏறும். இளந்தாரிகள் முறைப்பார்கள்.

சொந்த பைக்கில் போகிற பையன்களுக்கு ஒரு கணக்கு தெரிய வேண்டும். சட்டம் வைத்திருக்கிற வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "விடியட்டும், தூங்கி எழுந்து போகலாம்" என்பது நல்ல யோசனை மாதிரி இருக்கும். உடம்பு மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான் இறக்கும். இரண்டு மணிவரை நன்றாகக் குடித்தவன் எட்டு மணிக்கு ஊதினாலும் மாட்டுவான். மாட்டுவது பரவாயில்லை, மாட்டாமல் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறுவதுதான் பயம். காணும் பொங்கலுக்குக் கடலூர் சில்வர் பீச்சில் மீசை முளைக்காத பையன்கள் மூன்று பேராக வண்டியில் வருவதைப் பார்க்கிறேன். சாவியைக் கொடுத்த அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது என்பதை ரேஷன் கடையில் எழுதி மாட்டலாம்.

வெள்ளை போர்டு வண்டியைப் பற்றி நான் சொன்னால் தொழில் போட்டி என்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன். தெரிந்தவர் காரை வாடகைக்கு எடுத்துப் போனால் கொஞ்சம் மலிவு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும்.

விபத்தைப் பார்த்தால் நிறுத்துங்கள். 108-க்குப் போன் செய்தவரை ஸ்டேஷனுக்கு அலையவிடக் கூடாது, பேரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 134ஏ பிரிவே இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு உதவுகிறது. அடிபட்டவரை ஏற்றினால் பில் நம் தலையில் விழுமோ என்ற பயத்தில் தாண்டிப் போக வேண்டியதில்லை.

ஐந்து நட்சத்திர லாட்ஜில் ரூம் போடும் பார்ட்டியும் டிரைவர் எங்கே படுப்பான் என்று கேட்பதில்லை. பேட்டா கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். டிரைவர் பார்க்கிங்கில் கொசுக்கடியோடு, நடு சீட்டில் காலை மடக்கிக்கொண்டு, கார் ஹாரன்களுக்கு நடுவே கண்ணை மூடிக் கிடப்பான். அந்த டிரைவர்தான் மறுநாள் இருட்டோடு இவர்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகிறான். ஆருத்ரா சமயத்தில் சிதம்பரம் முழுக்க இப்படித்தான், வண்டிகேட் வரைக்கும் வேன்களுக்குள் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் புக்கிங் பேசும்போதே, ராத்திரி தங்கும் ட்ரிப் என்றால் டிரைவருக்கு ஒரு கட்டிலும் ஆறு மணி நேரமும் வேண்டும், அபிஷேகமும் திருநள்ளாறும் ஒரே நாளில் கிடையாது என்று சொல்லிவிடுகிறேன். சில பார்ட்டி சரி என்கிறார்கள். சிலர் "யோசிச்சு சொல்றோம்" என்று வைத்துவிட்டு வேறு வண்டி பிடிக்கிறார்கள். அவர்கள் பிடிக்கிற வண்டியின் டிரைவர் எனக்குத் தெரிந்தவராக இருந்தால் போன் போட்டு, திருநள்ளாறு முடிந்ததும் அங்கேயே படுத்துவிட்டு வரச் சொல்லுவேன்.