பந்தும் பாட்டும் கம்பியும்

இலக்கிய ஏட்டிலே விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்போர் உளர். உழைத்துக் களைத்த மனிதன் மாலைப் பொழுதில் எதைப் பாடுகிறான், எதைப் பார்க்கிறான், எதற்காகக் கைதட்டுகிறான் என்பவற்றை அறியாது அவனுடைய வாழ்வை அறிந்துவிட்டதாகக் கூறுதல் பொருந்தாது என்பதே நமது விடை. அண்மையில் அமெரிக்க மக்களின் பேஸ்போல் ஆட்டத்தின் வரலாற்றைப் படித்தோம். கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு அவ்வாட்டத்தின் விதிகள் புதியன. அதன் கதையோ புதியதன்று. இசையும் தொலைக்காட்சியும் இணையமும் அக்கதையினூடே வந்து புகுந்தன. மனம் போன போக்கில் எழுந்த எண்ணங்களாயினும், அவை யாவும் ஒரு கேள்வியிலேயே வந்து நின்றன: மக்கள் கூடி ஆக்கும் இன்பத்தின் வாயிலைக் காப்பவன் யார்?

நியூயோர்க் மாநகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளின், துறைமுகத் தொழிலாளரும் கடல் கடந்து வந்து குடியேறிய ஏழை மக்களும் நிறைந்து வாழ்ந்த இடம். அங்கே எபெற்ஸ் பீல்ட் என்னும் மைதானத்தில் டொட்ஜர்ஸ் குழு ஆடிவந்தது. ஆட்டங் காண வந்த இரசிகர் சிலர் தாமே ஒரு வாத்தியக் கோஷ்டியை அமைத்துக்கொண்டனர். அவர்கள் சங்கீத விற்பன்னர்களல்லர். சுருதி பிசகுவதே அவர்களுடைய புகழ். நடுவர்கள் மைதானத்துள் வரும்போது, குருட்டு எலிகள் மூன்றைப் பற்றிய குழந்தைப் பாட்டை வாசித்துக் கேலி செய்வர். 1951 இல் இசைக்கலைஞர் தொழிற்சங்கம் இதனை ஆட்சேபித்தது. ஊதியமின்றி வாசிப்போரால், வாத்தியத்தை நம்பி வாழ்வோரின் பிழைப்புக் கெடும் என்னும் அச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். அது உழைப்பவனின் நியாயமான அச்சம். குழு நிர்வாகமோ, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஓரிரவு, வாத்தியத்துடன் வருவோருக்கெல்லாம் அனுமதி இலவசம் என அறிவித்தது. குழலும் கொம்பும் மேளமுமாக மக்கள் திரண்டனர். அன்றிரவு பார்வையாளன் வேறு, கலைஞன் வேறு என்றிருக்கவில்லை.

இதே மைதானத்திலேதான் 1947 ஏப்ரல் 15 இல் ஜக்கி றொபின்சன் களமிறங்கி, பெரும் போட்டிகளில் நிலவிய நிறத்தடையை உடைத்தார். அவருடைய ஆற்றலையும் குழுத் தலைவர் பிராஞ்ச் றிக்கியின் துணிவையும் எல்லோரும் போற்றுவர். ஆயின், 'டெய்லி வேர்க்கர்' என்னும் கம்யூனிஸ்ட் பத்திரிகையின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் லெஸ்ரர் றொட்னி 1936 முதற்கொண்டே அத்தடைக்கெதிராக எழுதிவந்ததை எடுத்துச் சொல்வோர் சிலரே. மைதானத்தின் கதவைத் திறந்ததிலே மக்களியக்கத்தின் கையும் இருந்தது.

பெரும் பேஸ்போல் போட்டியொன்று முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் இங்கேதான். நாள் 1939 ஓகஸ்ட் 26. அன்று பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலர். பின்னர் வீடுதோறும் பெட்டி வந்தது. ஆட்டம் விலைச் சரக்காயிற்று. 1957 ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும், உரிமையாளர் வோல்ரர் ஓமாலி, இலாபத்தில் நடந்துகொண்டிருந்த குழுவை லொஸ் ஏஞ்சலிசுக்குக் கொண்டு சென்றார். புரூக்ளின் மக்களின் விருப்பம் செல்லுபடியாகவில்லை. எபெற்ஸ் பீல்ட் 1960 இல் இடிக்கப்பட்டது. லொஸ் ஏஞ்சலிசில் புதிய அரங்கு எழுந்த சாவேஸ் பள்ளத்தாக்கின் கதை இன்னும் கசப்பானது. பொது வீடமைப்புத் திட்டம் என்று கூறி, அங்கிருந்த மெக்சிக்க வம்சாவழிக் குடும்பங்களை வெளியேற்றினர். பின்பு அத்திட்டத்தையே 'சோஷலிசம்' எனத் தூற்றிக் கைவிட்டனர். எஞ்சிய குடும்பங்கள் 1959 இல் பலவந்தமாக அகற்றப்பட்டன. 1962 இல் அரங்கு திறக்கப்பட்டது.

புரூக்ளின் மக்களுக்கு நேர்ந்தது, அரை நூற்றாண்டின் பின் லொஸ் ஏஞ்சலிஸ் மக்களுக்கு வேறு வடிவில் நேர்ந்தது. 2013 இல் டொட்ஜர்ஸ் குழு தன் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை, 25 ஆண்டுகளுக்கு, 800 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு, ரைம் வோர்னர் கேபிள் கம்பனிக்கு அளித்தது. அக்கம்பனி கேட்ட கட்டணத்தைக் கொடுக்க ஏனைய ஒளிபரப்புக் கம்பனிகள் மறுத்தன. 2014 முதல் 2020 வரை, சொந்த நகரத்துக் குழுவின் ஆட்டங்களை அந்நகரின் பெரும்பாலான வீடுகளில் காண முடியவில்லை. 1950 இல் புரூக்ளினில் வர்ணனையைத் தொடங்கிய வின் ஸ்கலி 2016 இல் ஓய்வுபெற்றார். அவருடைய இறுதிப் பருவங்களில் பலருக்கு எஞ்சியது, வானொலியில் அவர் குரல் ஒலித்த முதல் மூன்று இன்னிங்ஸ் மட்டுமே.

இந்தப் பணத்தாலன்றோ வீரர்களும் வாழ்கின்றனர் என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அப்பங்கு தானாக வந்ததன்று. பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வாணிபமன்று, ஆதலால் ஏகபோகத் தடைச் சட்டம் அதனைத் தீண்டாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922 இல் தீர்ப்பளித்தது. வீரனை மாட்டைப் போல விற்கவும் வாங்கவும் முதலாளிகளுக்கு இயன்றது. சென் லூயிஸ் குழுவின் கறுப்பின வீரர் கேர்ட் பிளட், தாம் விலைப்பொருள் அல்லர் என 1969 இல் மறுத்துரைத்துப் பின்னர் வழக்காடினார். 1972 இல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்துபோயிற்று. ஆயினும் சங்கமாய் ஒன்றுபட்டு நின்ற வீரர்கள் 1975 இல் நடுத்தீர்ப்பின் மூலம் அந்தத் தளையை அறுத்தனர்.

இணையம் வந்தபின் வாயில்கள் யாவும் திறக்கும் என்றனர். 2002 ஓகஸ்ட் 26 இல், முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிகழ்ந்து சரியாக 63 ஆண்டுகளின் பின், அமெரிக்கப் பெரும் பேஸ்போல் போட்டி முதன்முறையாக இணையவழி காட்டப்பட்டது. கம்பி எல்லைகளைக் கடந்தது. ஒப்பந்தம் அதனைத் தடுத்தது. ஒரு குழுவின் உள்ளூர்ப் பிரதேசம் என வகுக்கப்பட்ட இடத்தில் வாழ்வோருக்கு, அக்குழுவின் ஆட்டமே இணையத்தில் மறைக்கப்பட்டது. பெருங்குழு ஒன்றேனும் இல்லாத அயோவா மாநிலத்தை ஆறு குழுக்கள் தத்தம் பிரதேசமென உரிமை கொண்டாடின.

கம்பிக்கு உரியவனே அதன் வழியே செல்லும் சரக்குக்கும் உரியவனாயின் நிகழ்வது யாது? ரைம் வோர்னர் கேபிள் இணைய இணைப்பையும் விற்ற கம்பனி என்பதை இங்கே நினைத்தல் தகும். அத்தகையோர் தம் பொருளை விரைவாகவும் பிறர் பொருளைத் தாமதமாகவும் விடலாம். பணங் கொடுத்தவனுக்கு இராசபாட்டை, கொடாதவனுக்கு ஒற்றையடிப் பாதை. இதனைத் தடுக்கும் கொள்கையையே இணைய நடுநிலை என்பர். அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 2015 இல் அதனை விதியாக்கியது. 2017 இல் நீக்கியது. 2024 இல் மீண்டும் விதித்தது. 2025 சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. ஆட்சி மாறுந்தோறும் மாறும் ஒன்றை உரிமை என்று எவ்வாறு அழைப்பது?

வாயில் காப்பவன் வணிகனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2022 ஏப்ரல் 3 இல், மக்கள் வீதிக்கு வந்த வேளையில், நமது நாட்டின் அரசு சமூக ஊடகங்களை அரை நாளுக்கு மேல் முடக்கி வைத்ததை நாம் கண்டோம். ஆதலால் இணையக் கொள்கை என்றதும், அது பொறியியலாளரின் விடயம் என ஆசிரியரும் மாணவரும் ஒதுங்குதல் தகாது. தெருவும் குடிநீரும் எவ்வாறு அரசியலோ, அவ்வாறே கம்பியும் அரசியல்.

பொதுவில் விட்டால் பொருள் அழியும் என்பார்க்கு ஒரு பாட்டைக் காட்டுவோம். 1908 இல் ஜக் நோர்வேர்த் சொல்லெழுத, அல்பேட் வொன் ரில்சர் இசையமைத்த பேஸ்போல் பாட்டு இன்று பதிப்புரிமை நீங்கிப் பொதுச்சொத்தாக நிற்கிறது. ஏழாவது இன்னிங்ஸின் இடைவேளையில் அரங்கு முழுவதும் எழுந்து நின்று அதனைப் பாடுகிறது. பாட்டு அழிந்துவிடவில்லை, நூறாண்டு கடந்தும் வாழ்கிறது. எல்லோருக்கும் உரியதாய் இருப்பதும் அது வாழ்வதற்கு ஒரு காரணம் என்போம்.