மலைமேல் வந்த பல்வலி

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சற்றேறக்குறைய 64 கி.மீ. ஆழியாற்றைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாம் வளைவில் நின்று நோக்கினால் அணை நீர் கீழே தகடுபோல் மின்னும். பாறை விளிம்பில் வரையாடுகள் அச்சமின்றி மேயும். பின்னர் 3,500 அடி உயரத்தில் தேயிலை, தேயிலை, மேலும் தேயிலை. அவ்வழகை எழுதப் பலருண்டு. நாம் எழுதவிருப்பது அங்கே கழிந்த ஓர் இரவைப் பற்றி.

நம்முடன் வந்த உபதேசியாருக்கு இரவு பத்து மணிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. சூடான தேநீர் பட்டதும் துடித்துப் போனார். தேநீரைக் கீழே வைத்த பின்னும் வலி நீங்கவில்லை. அவ்வேளையில் பல் மருத்துவருக்கு எங்கே போவது? இறங்கும் பாதையோ யானைகள் நடமாடும் காட்டுப் பாதை.

வீட்டார் ஆளுக்கொரு வைத்தியம் கூறினர். ஒருவர் புகையிலையை அடக்கிக்கொள்ளச் சொன்னார். மற்றொருவர் ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் அப்பச் சொன்னார். (அது ஈறைப் புண்ணாக்கிவிடும், வலி ஒன்று இரண்டாகும்!) நல்லவேளையாக அடுத்த லயன் வீட்டில் தோட்ட மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் இருந்தார்.

அந்த அம்மையார் மருந்தைத் தேடவில்லை. முதலில் கேள்விகளே கேட்டார். “அண்ணே, வாயை நன்றாகத் திறக்க முடிகிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா? காய்ச்சல் உண்டா? நெஞ்சில் பாரம், வியர்வை ஏதேனும்?” மாரடைப்பின் வலியும் சிலருக்குக் கீழ்த்தாடையில் தோன்றுமாம். பிறகு நம்மை நோக்கி, “தாடைக்கு அடியிலோ கண்ணருகிலோ வீக்கம் பரவினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், யானைக்கு அஞ்சி விடியும்வரை காத்திராதீர்கள், சாமி. அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்குங்கள்” என்றார்.

அவற்றில் ஒன்றும் இல்லாதபடியால் விடியும்வரை பொறுக்கலாம் என்று முடிவாயிற்று. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. அதைக் கொண்டு பன்முறை வாய் கொப்பளித்தார். பல்லிடுக்கில் சிக்கியிருந்த பாக்குத் துணுக்கை நூலால் எடுத்தார், குண்டூசி கூடாது. கன்னத்தின்மேல் குளிர்ந்த நீரில் நனைத்த துணி. வெந்நீர் ஒற்றடம் வேண்டாம். கிராம்புத் தைலம் பஞ்சில் ஒரே துளி; மிகுந்தால் ஈறு வெந்துவிடும், சிறு குழந்தைகளுக்கு ஆகாது. 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்று. தேவையானால் ஆறு மணி நேரம் கழித்து மற்றொன்று. கல்லீரல் நோயுள்ளோரும் குடிப்பழக்கமுள்ளோரும் மருத்துவரைக் கேளாது அதனை உண்ணலாகாது. வீட்டில் யாரோ மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை அம்மையார் கையாலேயே விலக்கிவிட்டார். தட்டையாகப் படுத்தால் தலைக்குக் குருதி பாய்ந்து வலி விண்விண்ணென்று தெறிக்கும் என்று இரண்டு தலையணைகளை அடுக்கினார். உபதேசியார் சாய்ந்தவாறே சற்றுக் கண்ணயர்ந்தார்.

காலையில் முதற் பேருந்து. இருபது வளைவுகள் இறங்குமுன் வலி முற்றும் நின்றுவிட்டது! “திரும்பிவிடலாமா, சாமி? தோட்டத்தில் வேலை கிடக்கிறதே” என்றார் அவர். புறப்படும்போதே செவிலியர் நம்மை எச்சரித்திருந்தார்: வலி தானே நின்றால் பல் குணமாயிற்று என்பதன்று, உள்ளே நரம்பு செத்திருக்கவும் கூடும். ஆகவே நாம் இடங்கொடுக்கவில்லை. பொள்ளாச்சியில் பல் மருத்துவர் துளைத்துப் பார்த்தபோது நரம்பு பெரும்பகுதி அழுகியிருந்தது. அன்றே வேர்ச் சிகிச்சையைத் தொடங்கினார். பல்லைப் பிடுங்க நேரவில்லை; ஆனால் உபதேசியார் அந்த நாற்பது வளைவுகளையும் இன்னும் இருமுறை இறங்கி ஏற வேண்டியதாயிற்று.